கல்யாணப் பத்திரிகையா, படப் புத்தகமா?

கேள்வி: மயிலாப்பூரில் சிறிய ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை வேலை சோறு போடுகிறது. மனமோ சொந்தமாகப் படப் புத்தகம் போடத் துடிக்கிறது. எதை விடுவது? (ஒரு வாசகி)

பதில்: இரண்டையும் விட வேண்டாம், அம்மணி. அடையாற்றைத் தாண்டித் தெற்கே, திருவான்மியூரில், கீதா வுல்ஃப் 1994-இல் ஸ்தாபித்த தாரா புக்ஸ், கைக்காகிதத்தில் ஒவ்வொரு வர்ணமாகக் கையாலேயே அச்சிட்டு, ஒன்று உலர்ந்த பின்னரே அடுத்ததை ஏற்றி, ஊசி நூல் கொண்டு தைத்து முடிக்கும் புத்தகங்களால் சர்வதேசக் கீர்த்தி அடைந்ததென்றால், அதற்குக் கலையார்வம் மாத்திரம் காரணமன்று. கை செய்யக்கூடிய அளவுக்கே வாக்களித்து, அயல்நாட்டுப் பதிப்பாளரையும் பல மாதம் காத்திருக்கச் சொல்லும் வியாபார நிதானமும் காரணம். கோண்டு ஓவியர் மூவர் தீட்டிய மரங்களைப் பற்றிய தாரா நூல் 2008-இல் பொலோன்யா குழந்தைநூல் பரிசு பெற்றது. அதே நிறுவனம் ஆப்செட்டில் அச்சான நூல்களையும் விற்றுவருவதைப் புகழ்பாடுவோர் ஏனோ சொல்வதில்லை.

தங்களுக்குப் பஞ்சாங்கமே சகாயம். மார்கழியில் முகூர்த்தமில்லையாயினும் தை மாதத்துப் பத்திரிகைகள் அப்போதுதான் அச்சேறுமாதலால், பட்டறைக்கு உண்மையான ஓய்வு கார்த்திகைக் கடைசியிலும், அவ்வாறே ஆடிக்கு முந்திய ஆனிக் கடைசியிலுந்தான் கிட்டும். அந்த வாரங்களைப் புத்தகத்துக்கென்று ஒதுக்கி, முதற்பதிப்பை முந்நூறு பிரதிக்குள் நிறுத்துங்கள். விலையைக் கணக்கிடுகையில் தங்கள் கூலியையும் வாடகையையும் சேர்க்கக் கூச்சப்பட வேண்டாம். அவசரப் பத்திரிகைக்கு, தயவு தாட்சண்யமின்றி, முழுத் தொகையையும் முன்பணமாகவே வாங்கிவிடுங்கள்.