நேர்காணலுக்கு முந்தைய மாலை, கணினியின் உறுமல்

மலை ஊரான ஜமுனாமரத்தூரில் வீட்டிலிருந்தபடி வேலை பார்ப்பவருக்கு லாரி ஹாரன் தொல்லை குறைவு. அதனாலேயே கணினி ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று உறுமினால் காதில் அறைகிறது. அது மைக்கிலும் ஏறினால் நேர்காணல் நடத்துபவர் காதுக்கும் போகும். புது மைக் வாங்கப் போளூருக்குப் பஸ் ஏறாதீர்கள். முதலில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

மடிக்கணினி என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டதா? கோளாறு பெரும்பாலும் மைக்கில் இல்லை, கரண்ட் வரும் வழியில் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 50, 100 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் உறுமலாகக் கேட்கிறது. கணினி ஒரு சுவரிலும் ஸ்பீக்கர் இன்னொரு சுவரிலும் செருகியிருந்தால், இரண்டின் எர்த்தும் ஆடியோ வயர் வழியாகச் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பல வீடுகளில் இதற்கே அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஆடியோ வயரின் நடுவே ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ மாட்டலாம்.

சத்தம் நிற்கிறதே என்று பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள். அது உயிர் காப்பது. மலையில் பாறை மண். கோடையில் ஈரம் வற்றினால் எர்த்தின் பிடிப்பும் குறையும். எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று ஒலி மாறினால், அது கணினிக்குள்ளிருந்தே வருகிறது. பெரும்பாலும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு போதும். ‘டட்-டட்-டட்’ என்றால் பக்கத்தில் கிடக்கும் செல்போன். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் அதிக சக்தியோடு அலை அனுப்பும், ஆகவே தள்ளி வையுங்கள்.

‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலுக்கு மைக் பூஸ்ட்டைக் குறைத்து, மைக்கை வாயருகே கொண்டுவாருங்கள். பின்னணி இரைச்சல் தாழ்ந்தால்தான் குரல் தெளிவாகக் கேட்கும். இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததும் இந்தக் கணக்கில்தான். மங்கலான விண்மீன் தெரிய, சுற்றியுள்ள வானம் இருட்டாக இருக்க வேண்டும். 1986-இல் அங்கே திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் ஊர் வெளிச்சம் பகைதான்.

கடைசியாக, நாளை உட்காரப்போகும் அதே நாற்காலியில், அதே நேரத்தில், பத்து வினாடி பேசாமலும் பத்து வினாடி பேசியும் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போதும் ஒருமுறை. அப்போது மட்டும் இரைந்தால், நேர்காணல் முடியும்வரை சார்ஜர் வேண்டாம். பேட்டரியை இன்றிரவே நிரப்பி வையுங்கள்.