ஏரிக்கரை எழிலும் மலையடிவார எழிலும்

வட அமெரிக்காக் கண்டத்தைப் பற்றிய பாடம் முடிந்த அன்று, புவியியல் கற்பிக்கும் சகோதரி எங்களிடம் ஒரு வினாவை விடுத்தார்கள். "நியூயார்க்கிற்கு அடுத்தபடியாக மக்கள்தொகை மிகுந்த அமெரிக்க நகரங்கள் லாஸ் ஏஞ்சல்ஸும் சிகாகோவும். இவ்விரண்டில் இயற்கை எழில் மிக்கது எது?" என்பதே அவ்வினா. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தது என்பதைவிட ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்றே சொல்லவேண்டும். நாற்பது பேரில் முப்பத்து நான்கு பேர் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போய் அமர்ந்துகொண்டோம். எஞ்சிய ஆறு பேரும் சிகாகோவின்பால் கொண்ட பற்றினால் அங்கு இருந்தார்கள் எனக் கூற இயலாது. அந்தப் பெஞ்சில் இடம் இருந்தது, அவ்வளவுதான். இரு வாரம் நூலகத்தில் தேடிப் படித்தபின் மீண்டும் வாக்கெடுப்பு நடைபெறும் எனச் சகோதரி கூறிவிட்டார்கள். அவ்வாறு நாங்கள் தேடிக் கண்டவற்றையே இங்கே தருகிறோம்.

முதலில் நிலத்தை நோக்குவோம். சிகாகோ நகரம் பலகைபோல் தட்டையானது. பனியூழிக் காலத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறைகள் அந்நிலத்தைத் தேய்த்துச் சமப்படுத்தின. அவை உருகிப் பின்வாங்கியபோது பெரியதோர் ஏரி தேங்கியது. அதன் பழைய அடித்தரையின்மீதுதான் இன்றைய நகரம் நிற்கிறது. அங்கே குன்று என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. லாஸ் ஏஞ்சல்ஸிலோ, நகர எல்லைக்குள்ளேயே 1,547 மீட்டர் உயரமுள்ள லூக்கன்ஸ் சிகரம் நிற்கிறது. சான்டா மோனிகா மலைத்தொடர் நகரின் நடுவே புகுந்து மேற்கே கடலை நோக்கிச் செல்கிறது. வடக்கே சான் கேப்ரியல் மலைகள். அவற்றின் உச்சி 3,068 மீட்டர். குளிர்காலத்தில் அம்மலைகளில் வெண்பனி படர்ந்திருக்க, அதே நாளில் கடற்கரையில் மக்கள் வெயில் காய்வார்களாம். முப்பத்து நான்கு பேர் ஏன் அப்பக்கம் ஓடினோம் என்பது இப்போது விளங்கும்.

இரண்டு இடங்களையும் ஆரம்பத்தில் கண்டு குறித்துவைத்த ஐரோப்பியருள் குருக்கள் இருந்தனர் என்பது எங்களுக்கு வியப்பளித்த செய்தி. இயேசு சபைக் குருவாகிய மார்க்கெத் அடிகளார் 1673ஆம் ஆண்டு மிசிசிப்பி ஆற்றைக் கண்டு திரும்புகையில், பழங்குடி மக்கள் வழிகாட்ட, சிகாகோ ஆற்றின் வழியே மிச்சிகன் ஏரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு மீண்டும் வந்து, நோயுற்ற நிலையில் அவ்வாற்றங்கரையில் ஒரு கடுங்குளிர்காலத்தைக் கழித்தார். சிகாகோ என்னும் பெயர், அங்கே மண்டிக் கிடந்த ஒருவகைக் காட்டுப் பூண்டுக்குப் பழங்குடியினர் இட்ட பெயரிலிருந்து வந்தது. பிரான்சிஸ்கு சபையைச் சார்ந்த கிரெஸ்பி அடிகளார் 1769 ஆகஸ்டு மாதம் மேற்குக் கரையில் ஓர் ஆற்றைக் கண்டார். அதன் கரையில் காட்டுத் திராட்சையும் ரோஜாவும் செழித்திருந்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதி, வானதூதர்களின் அரசியாகிய அன்னையின் பெயரை அவ்வாற்றிற்குச் சூட்டினார். அப்பெயரே பின்னர் ஊருக்கும் ஆயிற்று. அந்த ஆற்றின் கதையைப் பின்னர்க் காண்போம். அது இனிமையான கதையன்று.

சிகாகோவிடம் மலை இல்லை. ஆனால் ஏரி இருக்கிறது. ஏரி என்றதும் எதிர்க்கரையில் மரங்கள் தெரியும் ஏரியை எண்ணிவிடலாகாது. மிச்சிகன் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, அலை அடிக்கும், கப்பல் செல்லும், நீரோ நன்னீர். நகரம் ஏரியின் மேற்குக் கரையில் இருப்பதால் கதிரவன் நீரிலிருந்து எழுவதைக் காணலாம். (லாஸ் ஏஞ்சல்ஸில் அவன் பசிபிக் மாக்கடலில் மறைவான்.) கோடையில் கரையோரத் தெருக்கள் குளிர்ந்திருக்கும், குளிர்காலத்திலோ கரையெங்கும் பனிக்கட்டி குவியும். 1985 ஜனவரி 20ஆம் நாள் அந்நகரில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ்வரை இறங்கியது. அப்படிப்பட்ட ஊரில் எழிலைப் பற்றிப் பேச யாருக்கு நேரம் இருக்கும் என்று நாங்கள் எண்ணினோம். ஆனால் அவ்வெழிலுக்காக ஒரு மனிதர் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படியேறியிருக்கிறார்.

1836ஆம் ஆண்டு, கால்வாய் வெட்டுவதற்காக நியமிக்கப்பட்ட ஆணையர்கள் நகரின் மனைகளை அளந்து வரைபடம் தயாரித்தனர். அதில் ஏரியோரமாக ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, இது பொதுமக்களின் இடம், இங்கே எக்காலத்தும் கட்டடம் எழும்பலாகாது என்னும் பொருள்பட எழுதிவைத்தனர். 1871 அக்டோபரில் நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். எரிந்த செங்கல்லையும் சாம்பலையும் கரையோரத்து நீரில் கொட்டினர். துயரத்தின் குவியல் புதிய நிலமாயிற்று. ஆயினும் கொட்டகைகளும் குப்பையும் அங்கே பெருகின. அஞ்சல்வழி வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய மான்ட்கோமரி வார்டு என்பவர் 1890இல் வழக்குத் தொடுத்தார். ஊர் வளர்ச்சிக்குத் தடையானவர் என ஏசப்பட்டார். அருங்காட்சியகம் போன்ற நல்ல கட்டடங்களையும் அவர் எதிர்த்ததால் நண்பர்களும் சலித்துக்கொண்டனர். 1911வரை நடந்த வழக்குகளில் அவர் பக்கமே நின்றது இல்லினாய் மாநில உயர்மட்ட நீதிமன்றம். அந்நிலமே இன்றைய கிராண்ட் பூங்கா. அங்கே விதிவிலக்காக நிற்கும் கலைக்கூடக் கட்டடம் நமக்கும் அறிமுகமானதே. 1893இல் சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வ சமய மாநாடு அதில்தான் கூடியது. 1909இல் டேனியல் பர்னம் என்னும் கட்டடக்கலைஞர் தீட்டிய திட்டமும், ஏரிக்கரை மக்களுக்கே உரியது என்றது. இன்று ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தொலைவுக்கு ஏரியோரமாகவே நடந்து செல்லலாம்.

இதனால் சிகாகோவைக் குற்றமற்ற ஊர் என்று கொண்டாடிவிடவும் முடியாது. போட்டவாட்டமி மக்கள் 1833ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின் அங்கிருந்து அகற்றப்பட்டனர். நகரின் கழிவுநீர் ஆற்றில் கலந்து, ஆறு ஏரியில் கலந்து, குடிநீரே நஞ்சாயிற்று. அதற்குக் கண்ட வழி வியப்புக்குரியது. 45 கிலோமீட்டர் நீளத்திற்குக் கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றையே எதிர்த்திசையில் ஓடச் செய்தனர். ஏரி தப்பியது. அழுக்கோ மிசிசிப்பியை நோக்கிப் பயணமாயிற்று. கீழேயுள்ள மிசௌரி மாநிலம் வழக்காடித் தோற்றது. (புனித பேட்ரிக் திருநாளையொட்டி அவ்வாற்று நீருக்குப் பச்சை நிறம் ஊட்டும் வழக்கம் 1962 முதல் உண்டு. அதையும் இயற்கை எழிலில் சேர்க்கலாமா என்று கேட்ட தோழியைச் சகோதரி அமரச் சொன்னார்கள்.)

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இயற்கை வாரி வழங்கியிருக்கிறது. 1896இல் கிரிஃபித் என்பவர் 3,015 ஏக்கர் மலைநிலத்தைப் பூங்காவுக்கெனக் கொடையாக அளித்தார். அப்பூங்காவில் 2012 முதல் 2022வரை பூமா எனப்படும் மலைச்சிங்கம் ஒன்று தன்னந்தனியாக வாழ்ந்தது. ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயர் பி-22. வாகனங்கள் இரவு பகலாக விரையும் இரு பெருஞ்சாலைகளைக் கடந்து அது வந்துசேர்ந்தது; துணையைத் தேடித் திரும்பிச் செல்லத்தான் வழியில்லை. அந்நகரின் படங்களிலெல்லாம் வரிசையாக நிற்கும் பனைபோன்ற மரங்கள் பெரும்பாலும் வேற்றிடத்திலிருந்து கொண்டுவந்து நட்டவை என்பதையும் அறிந்து சற்று ஏமாந்தோம்.

அழகைத் தந்த மலைகளே அந்நகருக்குச் சோதனையும் ஆயின. மேலே வெப்பக் காற்று மூடிபோல் படிய, மூன்று பக்கமும் மலைகள் சுவர்போல் நிற்க, நகரத்துப் புகை வெளியேற வழியின்றித் தேங்குகிறது. 1943 ஜூலையில் கண் எரிச்சலால் தவித்த மக்கள் பகைவரின் நச்சுவாயுத் தாக்குதலோ என்று அஞ்சினராம். பகைவர் யாரும் வரவில்லை. வாகனப் புகை வெயிலில் வேதிமாற்றம் அடைவதே முக்கியக் காரணம் என்பதை ஹாகன்-ஸ்மித் என்னும் அறிஞர் 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். மலை இருந்தும் மலை தெரியாத நாள்கள் பல. கடும் சட்டங்களுக்குப் பின்னரே வானம் பெரிதும் தெளிந்தது. நீருக்கும் அந்நகரம் தொலைவுக்குப் போயிற்று. முல்ஹாலண்ட் என்னும் பொறியாளர் 1913இல் 375 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயால் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரைக் கொணர்ந்தார். நகரம் பசுமையுற்றது, 1920களில் ஓவன்ஸ் ஏரி வற்றிப் புழுதிக்காடாயிற்று. பூங்காக்களையும் கடற்கரைகளையும் மக்களுக்கென ஒதுக்க 1930இல் வகுத்த அருமையான திட்டமோ அலமாரியில் தூங்கிவிட்டது.

2025 ஜனவரியில் மலைச்சரிவுகளில் மூண்ட காட்டுத்தீ, வறண்ட பெருங்காற்றினால் நகரிலும் அடுத்துள்ள ஊர்களிலும் பரவி, 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. எழிலுக்காக மலையை ஒட்டிக் குடியேறியவர்களுள் பலர் வீடிழந்தனர். இதைப் படித்த அன்று வகுப்பில் யாரும் வாதாடவில்லை.

இரண்டாம் வாக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இருபத்தொன்று, சிகாகோவுக்குப் பத்தொன்பது. அந்த இரண்டு வாக்கையும் ஈட்டித் தந்தது மலையன்று, கிரெஸ்பி அடிகளார் கண்ட ஆறே என்றால் நம்புவீர்களா? 1938ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் அவ்வாற்றின் கரைகளையும் அடித்தரையையும் பெரும்பாலான இடங்களில் சிமென்டுக் கான்கிரீட்டால் பூசிவிட்டனர். ஆனால் கிரிஃபித் பூங்காவின் அருகே சில கிலோமீட்டர் தொலைவுக்கு மட்டும் அடித்தரையைப் பூச இயலவில்லை; நிலத்தடி நீர் கீழிருந்து பொங்கிக்கொண்டே இருந்தது. அவ்விடத்தில் வண்டல் படிந்து, வில்லோ மரங்கள் தாமாக முளைத்தன. நாரைகள் வந்து மீன் பிடிக்கின்றன.