பந்து வீசும் பிள்ளையின் முதுகு

எங்கள் குடியிருப்புப் பூங்காவில் காலை நடை முடிந்ததும் வேப்ப மரத்தடி பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்காருவது வழக்கம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். எதிர் மைதானத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் பயிற்சி செய்வார்கள். எங்களுக்கு அது டிக்கெட் இல்லாத காட்சி. யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று தீர்ப்பு வழங்கிவிட்டுத்தான் பால் வாங்கப் போவோம்.

2024 ஏப்ரலில் அந்த பெஞ்சில் ஒரே பேச்சு. நம் தில்லிப் பையன் மயங்க் யாதவ், ஸானெட் கிளப்பில் வளர்ந்தவர், மார்ச் 30 அன்று லக்னோ அணிக்காக முதல் ஐ.பி.எல். ஆட்டம் ஆடி மணிக்கு 155.8 கி.மீ. வேகத்தில் பந்து வீசினார். மூன்று நாள் கழித்துப் பெங்களூரில் 156.7. மைதானத்திலிருந்த பையன்கள் அனைவரும் அன்றே வேகப்பந்து வீச்சாளர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் என் பேரன். அப்போது அவனுக்கு 14 வயது. "இன்னும் கொஞ்சம் வேகமாப் போடுடா" என்று பெஞ்சிலிருந்து கூவியவர்களில் நானும் ஒருவன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மயங்க் யாதவ் அந்த ஆண்டு ஆடியது நான்கே ஐ.பி.எல். ஆட்டம், விலாப்புறத் தசையில் காயம். அக்டோபரில் குவாலியரில் இந்தியாவுக்காக முதல் ஆட்டம், முதல் ஓவரே மெய்டன். பிறகு முதுகு. 2025 ஐ.பி.எல்.-இல் இரண்டு ஆட்டத்துடன் மீண்டும் முதுகு. ஆஸ்திரேலியாவின் பாட் கம்மின்ஸ் கதையும் இதே வகை. 2011 நவம்பரில் 18 வயதில் ஜோஹானஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடி, இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். அவருடைய இரண்டாவது டெஸ்ட் 2017 மார்ச்சில், நம் ராஞ்சியில்! இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல், முதுகும் மற்றக் காயங்களும். பும்ராவுக்கு 2019-லும் 2022-லும் முதுகுக் காயம், 2023-இல் அறுவை சிகிச்சை.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. இதே தில்லியின் இஷாந்த் சர்மா 18 வயதில் டெஸ்ட் ஆட வந்து 105 டெஸ்ட் ஆடினார். ஆனால் என் வீட்டுக்கும் முதுகு வலி வந்ததால்தான் இந்தப் பாடத்தை நான் படிக்க நேர்ந்தது.

பேரனுக்கு இடது பக்க இடுப்புக்கு மேலே வலி என்று ஜூலையில் சொன்னான். தைலம் தேய்த்தோம். பின்னால் வளைந்தால் அதிகம் வலிக்கிறது, உட்கார்ந்து படித்தால் வலி இல்லை என்றான். "படிக்கும்போது வலி இல்லையா? அப்படியானால் பயிற்சிக்குப் போகாமல் படி" என்று மருமகள் சிரித்தாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் விடாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். கீழ் முதுகின் ஐந்தாவது எலும்பில், பின்புற வளைவில், மயிரிழை விரிசல் தொடங்கியிருந்தது. வலது கையால் வீசும் பையன்களுக்கு இது பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் வருமாம். வீசும் கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, இடது பக்கம் சாய்ந்து, திரும்புகிறது. முன்கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட விசை காலின் வழியே மேலே ஏறுகிறது. அவ்வளவையும் அந்தச் சிறிய எலும்பு வளைவு தாங்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் என் தொழில் எனக்கு உதவியது. நான் டிப்ளமா முடித்து ரயில் பாதைப் பிரிவில் சேர்ந்தவன். எங்கள் பாடப் புத்தகத்தில் ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே இன்ஜினியரின் பெயர் வரும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வண்டி அச்சுகள் காரணமில்லாமல் முறிந்துகொண்டிருந்தன. 1842-இல் வெர்சாய் அருகே ஒரு இன்ஜின் அச்சு முறிந்து பெரும் உயிர்ச்சேதம் ஆனது. வோலர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சோதித்துக் கண்டது இதுதான்: ஒரே தடவை ஏற்றினால் அச்சு எளிதாகத் தாங்கும் சுமையே, லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால் அதை முறித்துவிடும். இதை உலோகச் சோர்வு என்போம். ஆகவேதான் தண்டவாளத்துக்கு வயதை ஆண்டில் மட்டும் பார்ப்பதில்லை. அதன் மேல் எத்தனை டன் ஓடியது என்று கணக்கு வைக்கிறோம். உள்ளே தொடங்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அல்ட்ராசோனிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சோதிக்கிறோம். டாக்டர் எம்.ஆர்.ஐ. கேட்டபோது நான் மறுபேச்சுப் பேசாததற்கு இதுவே காரணம்.

ஆனால் எலும்புக்கும் இரும்புக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தண்டவாளம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. எலும்பு செய்துகொள்ளும். சுமை ஏறினால் உடல் முதலில் சோர்ந்த பகுதியை அரித்து எடுக்கிறது. பிறகு அந்த இடத்தில் புதிய எலும்பை வைத்துக் கட்டுகிறது. இந்த வேலை ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அரித்து எடுத்தபின், புதிது கெட்டிப்படும் முன், எலும்பு பழைய நிலையைவிடப் பலவீனமாக இருக்கிறது. தசையோ சில வாரங்களில் பலம் பெற்றுவிடும், மூச்சும் வந்துவிடும். பையன் "நான் தயார்" என்கிறான், பார்ப்பவர்களும் தயார் என்கிறார்கள். எலும்பு மட்டும் தயாரில்லை. அதிலும் 13, 14 வயதில் பையன் கிடுகிடுவென்று உயரும்போது, கீழ் முதுகு எலும்பு கெட்டிப்பட இன்னும் பல ஆண்டுகள் இருக்கும்.

ரயில் பாதையில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். ஜல்லியைத் தோண்டிச் சலித்துத் திரும்பப் போட்ட பாதையில் மறுநாளே ராஜதானியை முழு வேகத்தில் விடமாட்டோம். டிரைவருக்குக் காஷன் ஆர்டர் கொடுத்து முதலில் 20 கி.மீ. வேகம்தான். வண்டிகள் ஓட ஓட ஜல்லி இறுகும். மறுபடி பாக்கிங் செய்வோம். படிப்படியாக வேகம் கூட்டுவோம். கையால் பாக்கிங் செய்த காலத்தில் முழு வேகத்துக்கு வர ஏறத்தாழ மூன்று வாரம் பிடிக்கும். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் வண்டி தாமதம் என்று குதிப்பார்கள். குதித்தாலும் 20 என்றால் 20தான். வண்டியே ஓடாவிட்டாலும் ஜல்லி இறுகாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பந்து வீசாமலே வைத்திருந்தால் முதுகு பலப்படாது.

சென்ற ஆண்டுகளில் என் பேரன் எத்தனை பந்து வீசினான் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்போதுதான் குற்றவாளி யார் என்று தெரிந்தது. பயிற்சி முகாம்காரர் பாதிக் குற்றவாளி. மீதிப் பாதி நம் வீட்டுக் காலண்டர்!

தில்லியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தின் ஆண்டு எப்படி ஓடுகிறது? பிப்ரவரி, மார்ச் பரீட்சை. பந்தைத் தொடக் கூடாது. ஏப்ரலில் முகாம், வெயில் ஏறும் முன் காலை ஐந்தரைக்குத் தொடங்கி நாள்தோறும். மே நடுவில் பள்ளி மூடியதும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ஸில் ஏறி ஊருக்கு. பாட்டி வீடு, மாம்பழம், கல்யாணங்கள். ஜூலையில் திரும்பி வந்தால் 16 வயதுக்குட்பட்டோர் தேர்வு நெருங்குகிறது என்று ஒரே ஓட்டம். அதாவது ஒரே ஆண்டில் இரண்டு தடவை, ஒன்றுமில்லாததிலிருந்து முழு வேகத்துக்குப் பாய்கிறான். ஏப்ரலில் நாளுக்கு நூறு பந்து, வாரத்தில் ஆறு நாள். ஆக 600 பந்து. அதற்கு முந்திய ஆறு வாரத்தில் பூஜ்யம். எந்த இன்ஜினியர் இந்தக் காஷன் ஆர்டரில் கையெழுத்துப் போடுவார்?

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்குப் பல ஆண்டுகள் வைத்திருந்த விதியை இதனுடன் ஒப்பிடுங்கள். 13 வயதுக்குட்பட்டவர் தொடர்ந்து 5 ஓவர், நாளில் 10 ஓவருக்கு மேல் வீசக்கூடாது. 14, 15 வயதில் 6-ம் 12-ம். 16, 17 வயதில் 7-ம் 18-ம். இது ஆட்டத்தில். பயிற்சிக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: 15 வயதுக்குட்பட்டவர் ஒரு வேளைக்கு 36 பந்து, வாரத்தில் இரண்டு வேளை. ஆக 72 பந்து! என் பேரன் வீசியது அதைப்போல் எட்டு மடங்கு.

முகாமில் கேட்டால் எல்லாப் பையன்களும் வீசுகிறார்களே என்பார்கள். அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு வலையில் இருபது பையன்கள். மட்டை பிடிப்பவன் ஒருவன், மீதிப் பேர் வீசித்தானே ஆகவேண்டும்? கோச் "டால், டால்" என்று விரட்டுகிறார். பணம் கட்டிய பெற்றோர் பிள்ளை சும்மா நிற்பதைப் பார்த்தால் சண்டைக்கு வருகிறார்கள். அந்தப் பெற்றோரில் என் மகனும் இருந்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிசம்பரில் மகள் வீட்டுக்கு மெல்பர்ன் போயிருந்தேன். அங்கே ஒரு வகைக் கால்பந்து; முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம். சீஸன் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை. புதுப் பையன்களை 18 வயதில் நவம்பரில் தேர்ந்தெடுத்துக் கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். சீஸனுக்கு மூன்று மாதம் முன்பே, வெறும் பயிற்சியைப் பார்க்க வேலியோரம் ரசிகர்கள் நிற்கிறார்கள்! நம் வேப்ப மரத்து பெஞ்சின் மறுபதிப்பு. ஆனால் பேச்சு வேறு மாதிரி. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், தனியாக மெல்ல ஓடிய ஒரு பையனைக் காட்டி, இவன் முதல் வருஷம், பெரியவர்களுடன் முழு ஓட்டம் ஓடவிடமாட்டார்கள், அடுத்த வருஷம் பாருங்கள் என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. எனக்கு அப்போது அது விளங்கவில்லை, பேரனின் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று.

டென்னிஸ் லில்லி பெயர் பழைய ரசிகர்களுக்கு மறந்திராது. 1973-இல் மேற்கிந்தியத் தீவுகள் சுற்றுப்பயணத்தில் அவருக்கு முதுகெலும்பில் விரிசல்கள். மாவுக்கட்டு, பிறகு மாதக்கணக்கில் உடற்பயிற்சி. 1974-75-இல் திரும்பி வந்து மொத்தம் 355 டெஸ்ட் விக்கெட்டுடன் ஓய்வு பெற்றார். அவரைத்தான் 1987-இல் சென்னைக்கு அழைத்து எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார்கள். ஸ்ரீநாத், ஜாகீர் கான் எல்லாம் அங்கே பயின்றவர்கள். முறிந்து, மெல்லக் கட்டி எழுந்தவரே ஆசிரியராக வந்தது நம் பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

பேரனுக்கு டாக்டர் நான்கு மாதம் பந்து வீச்சைத் தடை செய்தார். பிசியோதெரபிஸ்ட் வயிற்றுத் தசைக்கும் இடுப்புக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். முதல் மாதம் வீட்டில் ஒரே அழுகை. "தாத்தா, டீமில என் இடம் போயிடும்" என்றான். போய்த்தான் விட்டது, அந்த ஆண்டுத் தேர்வுக்கு அவன் போகவில்லை. அதை இனிப்பு தடவிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அனுமதி கொடுத்ததும் ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, எத்தனை பந்து, வலி உண்டா இல்லையா என்று மூன்றே கட்டம். பிசியோதெரபிஸ்ட் வகுத்த கணக்கு இது: முதல் வாரம் இரண்டு நாள், நாளுக்கு 24 பந்து. இரண்டாம் வாரம் இரண்டு நாள், 30 பந்து. மூன்றாம் வாரம் மூன்று நாள், 24 பந்து. நான்காம் வாரம் வேண்டுமென்றே முதல் வார அளவுக்கு இறக்கம். அடுத்தடுத்த இரண்டு நாள் வீசுவது கிடையாது. தெருவில் டென்னிஸ் பந்தில் வீசுவதும் கணக்கில் சேரும். அதை ஒளிக்கக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினோம். பரீட்சை மாதத்திலும் வாரம் ஒருநாள் 24 பந்து வீச மருமகள் சம்மதித்துவிட்டாள். இந்த ஆண்டு ஊருக்குப் போனபோதும் பந்தும் நோட்டும் பெட்டியில் போயின. கோயில் பக்கத்துக் களத்தில் மாமா பையன் மட்டை பிடிக்க, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சில நாள் 24 முடிந்ததும் இன்னும் ஒன்றே ஒன்று என்று கெஞ்சுவான். மாமா பையனும் அவனோடு சேர்ந்துகொள்வான்.

எங்கள் பெஞ்சில் இப்போதும் தீர்ப்புகள் நடக்கின்றன. யாராவது "வேகமாப் போடுடா" என்று கூவினால், இன்று எத்தனையாவது பந்து என்று நான் கேட்டுவிடுகிறேன். நண்பர்களுக்கு இது சலிப்பாக இருக்கிறது. ஒருவர் எனக்குக் காஷன் ஆர்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்.

நோட்டின் மாதிரி வேண்டுபவர்கள் ஞாயிறு காலை சங்க நூலகத்தில் என்னைப் பார்க்கலாம். பிள்ளைக்கு ஒரு பக்க முதுகு வலி இருந்தால் மட்டும் ஞாயிறு வரை காத்திராமல் முதலில் டாக்டரைப் பாருங்கள்.