தலைப்பில்லாத கணக்குகள்

ஆறு சேலைக்கு ஆர்டர். இரண்டு தறி போட்டால் 45 நாள் ஆகும். மூன்று தறி போட்டால்?

காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளையிடம் இதை வாய்க்கணக்காகக் கேட்டால் முப்பது நாள் என்று பதில் வந்துவிடும். தறி கூடினால் நாள் குறையும் என்பது அதற்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அதே பிள்ளை ஏழாம் வகுப்புப் பரீட்சையில் 45-ஐ 3-ஆல் பெருக்கி, 2-ஆல் வகுத்து, அறுபத்தேழரை நாள் என்று எழுதிவிட்டு வரும். இதைப் பார்க்காத கணக்கு வாத்தியார் இருக்க முடியாது.

அந்தப் பிள்ளைக்குப் பெருக்கலும் வகுத்தலும் நன்றாகவே வருகிறது. அதன் பயிற்சி முறையில்தான் கோளாறு. ‘நேர் விகிதம்’ என்று தலைப்புப் போட்ட பயிற்சியில் எல்லாக் கணக்கும் நேர் விகிதம்தான். இது என்ன வகைக் கணக்கு என்று யோசிக்கும் வேலையைத் தலைப்பே செய்து கொடுத்துவிடுகிறது. பத்தும் சரியாக வந்ததும் பாடம் புரிந்துவிட்டதாகப் பிள்ளையும் நம்புகிறது, பெற்றோரும் நம்புகிறார்கள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டக் ரோரர் என்ற ஆய்வாளரின் குழு, 54 ஏழாம் வகுப்புப் பிரிவுகளில் இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு சாராருக்குப் பாடவாரியாகப் பயிற்சி. இன்னொரு சாராருக்கு அதே கணக்குகளைக் கலந்து கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் தேர்வு. கலந்து போட்டவர்கள் சராசரியாக 61 சதவீதம் எடுத்தார்கள், பாடவாரியாகப் போட்டவர்கள் 38 சதவீதம். 2020-இல் வெளியான ஆய்வு இது.

இப்படிக் கலந்து போடும் பயிற்சியை வீட்டில் செய்யக் காசு செலவில்லை. முடிந்த பாடங்களிலிருந்து கணக்குகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, பாடத்தின் பெயரைப் போடாமல், ஒரு டப்பாவில் போட்டுவைக்கலாம். தினம் நாலைந்து சீட்டு எடுத்தால் போதும். பேனாவைத் தொடுமுன், கணக்கு என்ன கேட்கிறது, எது கூடினால் எது குறையும் என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கணக்கே தெரியாத அம்மாவும் எதிரே உட்கார்ந்து இதைக் கேட்கலாம். நான் பார்த்தவரை, அவர்கள் கேட்கும் ‘ஏன்?’தான் பிள்ளையை அதிகம் யோசிக்க வைக்கிறது.

சீட்டில் ஊர்க்கணக்கும் இருக்கட்டும். தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி போக 8,400 ரூபாய்க்கு ஒரு சேலை வாங்கினால், அதன் அசல் விலை என்ன? முக்கால்வாசிப் பிள்ளைகள் 8,400-க்கு 30 சதவீதம் கண்டுபிடித்துக் கூட்டி, 10,920 என்பார்கள். சரியான விடை 12,000. தள்ளுபடி கழிந்தது அசல் விலையில், 8,400-இல் அல்ல என்பதை அவர்களே கண்டுபிடிக்கும்வரை விடை சொல்லிவிடக் கூடாது. பத்து நிமிடம் ஆனாலும் சரி.

தப்பான விடையை ரப்பரால் அழிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். சிறுவயதில் சில காலம் காஞ்சிபுரத்தில் வளர்ந்த ராமானுஜன், காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்தார். முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். அந்த முடிவுகளுக்கு வழி கண்டுபிடிக்கக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். பள்ளிப் பிள்ளைக்கு வழிதான் முக்கியம். எந்த வரியில் சறுக்கியது என்பது நோட்டில் அப்படியே இருந்தால்தான் அடுத்த முறை அங்கே கவனமாகக் கால் வைக்க முடியும்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு வருகிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தறியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. அந்த வினாத்தாளில் எந்தக் கணக்குக்கும் பாடத்தின் பெயர் போட்டிருக்காது. சீட்டு டப்பாவை ஏழாம் வகுப்பு முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.