மண்புழுப் படுக்கை: பொருள் தேர்வும் பக்குவமும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண், செம்பொறை மண் நிலங்களில் அங்ககப் பொருள் குறைவு. பெய்த மழைநீர் விரைவில் வடிந்துவிடுகிறது. இட்ட உரச்சத்தும் அதனோடு இறங்கிவிடுகிறது. இத்தகைய நிலங்களுக்கு மண்புழு உரம் நல்ல துணை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயலில் தென்னையை இழந்து, மறுநடவு செய்துள்ள ஆலங்குடி, கீரமங்கலம் பகுதித் தோப்புகளுக்கும் இவ்வுரம் ஏற்றது.

ஆயினும், மண்புழு வளர்ப்பைத் தொடங்கும் உழவர்களில் சிலர் முதல் வாரத்திலேயே மனம் தளர்ந்துவிடுகின்றனர். "காசு கொடுத்து வாங்கி விட்ட புழுக்களில் மூன்றாம் நாள் ஒன்றைக்கூடக் காணோம்" என்பது அடிக்கடி கேட்கும் குறை. பெரும்பாலும் குறை புழுவில் இல்லை. அதை விட்ட படுக்கையில்தான் இருக்கிறது. எனவே முதலில் படுக்கையைத் தயார் செய்து, சோதித்துப் பார்த்து, அதன் பிறகே புழுவை வாங்க வேண்டும்.

படுக்கையின் முக்கியத்துவம்

மாட்டுக்குக் கொட்டில் வேறு, தீவனத் தொட்டி வேறு. மண்புழுவுக்கோ கொட்டிலும் தீவனமும் படுக்கையே. மேலும், மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகவே அது சுவாசிக்கிறது. ஆகவே படுக்கையில் உள்ள உப்பு, சாணத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஆவி, மக்கும் பொருளின் சூடு, பூச்சிமருந்தின் எச்சம் ஆகிய எல்லாம் நேரே அதன் உடலைத் தாக்குகின்றன. பிடிக்காத படுக்கையிலிருந்து புழு வெளியேறப் பார்க்கும், வழியில்லையேல் மடிந்துவிடும்.

உரம் தயாரிக்க, மேற்பரப்பில் மக்கும் பொருளைத் தின்று வாழும் புழுக்களே ஏற்றவை. யூட்ரிலஸ் யூஜீனியே, ஐசீனியா ஃபெட்டிடா, நம் நாட்டுப் புழுவான பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகியவை இவ்வகையின. வயலில் ஆழமாக வளை தோண்டி வாழும் புழுக்களைப் பிடித்துத் தொட்டியில் விடுவதால் பயனில்லை.

ஏற்ற பொருள்களும் ஆகாத பொருள்களும்

நிழலில் ஆறவைத்த மாட்டுச் சாணம், மாடு தின்று கழித்த கடலைக்கொடி, உளுந்துச் செடியின் கழிவும் பொட்டும், வாழைச் சருகு, கரும்புத் தோகை, களைச்செடிகள் (விதை பிடிக்குமுன் பறித்தவை) ஆகியவை நல்ல பொருள்கள். முந்திரி இலை தடிப்பானது. நறுக்கி, கூடுதல் நாட்கள் மக்கவைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

பச்சைச் சாணமும் புதிய கோழி எருவும் ஆகா. சூடும் அம்மோனியாவும் இவற்றில் மிகுதி. குடற்புழு நீக்க மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தை இரண்டு வாரங்களுக்குத் தனியே குவிப்பது நல்லது. அண்மையில் மருந்தடித்த பயிரின் கழிவு, எலுமிச்சைத் தோல், எண்ணெய்ப் பண்டம், இறைச்சி, சாம்பல், சுண்ணாம்பு ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் தைல மரத் தோட்டங்கள் மிகுதி. சருகு எளிதில் கிடைக்கிறதே என்று அதை அள்ளிப் போடக் கூடாது. அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் புழுவுக்கு ஒவ்வாது. இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி சார்லஸ் டார்வின் தம் அறையில் மண் நிரப்பிய தொட்டிகளில் புழுக்களை வளர்த்து ஆராய்ந்தவர். அவர் 1881இல் வெளியிட்ட நூலில், புழுக்கள் இலைகளைச் சுவை பார்த்தே தேர்ந்தெடுக்கின்றன என்றும், மணமிகுந்த சில இலைகளை ஒதுக்குகின்றன என்றும் குறிப்பிட்டுள்ளார்.

தென்னை நார்க்கழிவு

கயிறு ஆலைகளில் கிடைக்கும் நார்க்கழிவு பார்வைக்கு நல்ல படுக்கையாகவே தோன்றும். ஆனால் அதில் உப்பும் துவர்ப்புப் பொருளும் உண்டு. எளிதில் மக்காத லிக்னினும் அதிகம். தழைச்சத்தோ மிகக் குறைவு. கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 வரை இருக்கும்.

இதனை மக்கவைக்க 1 டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி புளூரோட்டஸ் காளான் வித்தும் தேவை. நிழலில் 100 கிலோ கழிவைப் பரப்பி, ஒரு புட்டி வித்தைத் தூவி, அதன்மேல் மீண்டும் 100 கிலோ கழிவைப் பரப்பி, 1 கிலோ யூரியாவைத் தூவ வேண்டும். இவ்வாறே மாற்றி மாற்றி அடுக்கி ஈரம் காத்து வந்தால், ஒன்றரை முதல் இரண்டு மாதங்களில் கழிவு கருநிறமாகிவிடும். விகிதமும் 24:1 அளவுக்கு இறங்கும். அதன் பிறகே சாணத்துடன் கலந்து புழுவுக்குக் கொடுக்கலாம்.

மக்கவைக்கும் முறை

கழிவுகளை 2 அல்லது 3 அங்குலத் துண்டுகளாக நறுக்கி, சம அளவு ஆறிய சாணத்துடன் கலந்து நிழலில் குவிக்க வேண்டும். நீர் தெளித்து 15 முதல் 20 நாட்கள் வைத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். முதலில் குவியல் நன்றாகச் சூடேறும், பிறகு ஆறும். குவியலின் நடுவே ஓர் இரும்புக் கம்பியைக் கால்மணி நேரம் செருகி எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கம்பி சுட்டால் இன்னும் பக்குவம் ஆகவில்லை என்று பொருள். ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் மூக்கை அரிக்கும் நெடி இன்றி, மழை பெய்த மண்ணின் வாசனை வர வேண்டும்.

படுக்கை அமைத்தல்

வெயிலும் மழையும் படாத கூரையின் கீழ், 3 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள தொட்டி போதும். நீளம் வசதிக்கேற்ப இருக்கலாம். அடியில் நீர் வடியத் துளை தேவை. முதலில் நெல் உமி அல்லது கரும்புத் தோகை 3 செ.மீ., அதன்மேல் மணல் 3 செ.மீ., அதன்மேல் தோட்டத்து மண் 3 செ.மீ. பரப்பி நீர் தெளிக்க வேண்டும். கடற்கரை மணலை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. அதன் உப்பு புழுவைக் கொல்லும். மணமேல்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் மழைநீரையோ குளத்து நீரையோ தெளிப்பது நலம்.

இவற்றின்மேல் மக்கிய கலவையை இட வேண்டும். ஈரம் சரியா என அறிய, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் சரி. நீர் ஒழுகினால் அதிகம். பிடி உதிர்ந்தால் குறைவு.

பானைச் சோதனை

அடியில் துளையிட்ட மண்பானையில் பாதியளவு கலவையை நிரப்பி, தெரிந்த உழவரிடம் 20 புழுக்களை வாங்கி மேலாக விடுங்கள். மண்புழு வெளிச்சத்தை வெறுக்கும். படுக்கை பிடித்திருந்தால் சிறிது நேரத்தில் தானே உள்ளே இறங்கிவிடும். ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்து, இரண்டு நாள் கழித்துக் கொட்டி எண்ணிப் பாருங்கள்.

- இருபதும் ஈரப்பசையுடன் துடிப்பாக இருந்தால் படுக்கை ஏற்றது.
- புழுக்கள் பானைச் சுவரில் ஏறியிருந்தால் சூடோ அம்மோனியாவோ மிச்சமிருக்கிறது. கலவையைக் கிளறி மேலும் ஒரு வாரம் ஆறவிடுங்கள்.
- துர்நாற்றத்துடன் தளர்ந்து கிடந்தால் நீர் மிகுந்து காற்று குறைந்துள்ளது. உலர்ந்த சருகைக் கலந்து புரட்டுங்கள்.
- சுருங்கி வாடியிருந்தால் ஈரக்குறைவோ உப்போ காரணம். ஈரம் சரியாக இருப்பின் நீரையும் மணலையும் மாற்றுங்கள்.

குறையைச் சரிசெய்த பின் மறுபடியும் சோதிக்க வேண்டும். இருபது புழு போனால் நட்டம் சிறிது. கிலோக்கணக்கில் போனால் தாங்காது.

புழு விடுதலும் பாதுகாப்பும்

1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரமுள்ள படுக்கைக்கு 2 கிலோ, அதாவது சுமார் 2,000 புழுக்கள் போதும். மேலாகப் பரப்பினால் போதும். கிளறிக் கலக்க வேண்டா. ஈரச் சாக்கால் மூடிவையுங்கள். எறும்பு வராமலிருக்கத் தொட்டியைச் சுற்றிச் சிறு வாய்க்கால் கட்டி நீர் நிறுத்தலாம். எறும்புப் பொடி தூவினால் எறும்போடு புழுவும் சாகும். கோழியும் எலியும் அண்டாமல் கம்பி வலை போடுவதும் அவசியம்.

மேலும் விவரம் வேண்டுவோர் வம்பனில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம். கடலை, உளுந்து அறுவடைக்குப் பின் கழிவு கையில் இருக்கும்போதே குவியலைப் போட்டு, பானைச் சோதனையும் செய்து, அதன்பின் புழு வாங்கிப் பயனடையுமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.