கடற்பாலத்துக்கு முன் ஓடிய படகுகள்: மார்சிலிங் வழிகாட்டி

சிங்கப்பூரின் வடகோடியில் உட்லண்ட்ஸ் நகரத்தின் ஒரு பகுதியாக விளங்கும் மார்சிலிங், அடுக்குமாடி வீடுகளும் உணவங்காடிகளும் நிறைந்த குடியிருப்பு வட்டாரம் என்பதால், சுற்றுப்பயணிகளின் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் 1903 முதல் 1923 வரை, சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வந்த ஒவ்வொருவரும் இதனை அடுத்த கரையில் இறங்கி, நீராவிப் படகில் ஏறித்தான் ஜோகூர் பாருவை அடைய முடிந்தது. அந்தச் சேவையின் துறையோ படகோ இன்று எஞ்சவில்லை. எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று முன்பே அறிந்து வருவோருக்கே இந்தக் கரை பொருள் தரும்.

லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்போர், எம்ஆர்டியில் தோபி காட் சென்று வடக்கு–தெற்குத் தடத்துக்கு மாறினால் மார்சிலிங் நிலையத்திலேயே இறங்கலாம். எனினும் வரலாற்றை நாடுவோருக்கு மெதுவான வழியே ஏற்றது. 1903ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை திறக்கப்பட்டு, அதே ஆண்டு ஏப்ரலில் உட்லண்ட்ஸ் வரை நீட்டிக்கப்பட்ட ரயில் பாதை, செட்டியார் கோயில் என்று தமிழர் வழங்கும் தெண்டாயுதபாணி கோயில் நிற்கும் டேங்க் ரோட்டில்தான் தொடங்கியது. அக்கோயிலிலிருந்து புறப்பட்டு, குவீன் ஸ்திரீட் முனையத்தில் 170ஆம் எண் பேருந்தைப் பிடிப்பவர், புக்கிட் தீமா சாலை, உட்லண்ட்ஸ் சாலை வழியாகக் கிராஞ்சியைக் கடந்து, பழைய ரயில் பாதையின் போக்கை ஏறத்தாழ ஒட்டியே வடக்கே வந்து சேர்வார்.

சிங்கப்பூரையும் ஜோகூரையும் பிரிக்கும் நீரிணையைப் படகில் கடக்கும் வழக்கம் ரயிலுக்கு முற்பட்டது. 1855இல் தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் நிறுவப்பட்டு 1866இல் ஜோகூர் பாரு எனப் பெயர் மாறிய ஊருக்குச் செல்ல விரும்பியோர், குதிரை வண்டியில் கிராஞ்சிக் கரை வரை வந்து படகேறினர். ரயில் வந்தபோது இந்தக் கடப்பு ரயில் கால அட்டவணையோடு பிணைந்த ஒழுங்கான சேவையாயிற்று. 1909இல் ஜோகூர் அரசு ரயில்வே நிறைவடைந்து, மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரை ரயில் பாதைகள் நீரிணையின் மறுகரையைத் தொட்டதும், சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. மனிதர்கள் இறங்கி ஏறிக்கொள்வார்கள். ஆனால் உள்நாட்டிலிருந்து சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வரவேண்டிய ரப்பரையும் வெள்ளீயத்தையும் ஒவ்வொரு மூட்டையாக இறக்கி ஏற்றுவது கட்டுபடியாகாது.

இதற்குக் கண்ட தீர்வு, மேல்தளத்தில் தண்டவாளம் பதித்த மிதவையில் சரக்குப் பெட்டிகளை அப்படியே உருட்டி ஏற்றிக் கடத்தும் ரயில் பெட்டிப் படகு ஆகும். கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதால், இத்தகைய சேவையில் கரையிலுள்ள தண்டவாளத்தையும் மிதவையிலுள்ளதையும் ஒரே மட்டத்தில் பொருத்துவதே கடினமான வேலை. ஏற்றும்போது எடை ஒருபக்கம் சாயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனங்களை ஏற்றும் இன்றைய படகுகளும் இதே இரு சிக்கல்களைத்தான் சாய்தளங்களாலும் நிலைப்புநீர்த் தொட்டிகளாலும் தீர்க்கின்றன. 1911 அளவிலேயே இந்த மிதவைகள் இரவு பகலாக இயங்க வேண்டிய நெருக்கடி ஏற்பட்டது. சேவை தோல்வியுற்றதால் அன்று, அளவுக்கு மீறி வெற்றி பெற்றதால்தான் அதன் காலம் முடிந்தது என்று சொல்ல வேண்டும்.

1917இல் கூட்டு மலாய் மாநிலங்களின் பொதுப்பணித் துறை இயக்குநர் எயர் கென்னி, பாலத்துக்குப் பதிலாகக் கல்லைக் கொட்டிக் கடலை நிரப்பி வழி அமைக்கலாம் என்று பரிந்துரைத்தார். 1919இல் பணி தொடங்கியது. 1923 செப்டம்பர் 17 அன்று சரக்கு ரயில்களும் அக்டோபர் 1 அன்று பயணிகள் ரயில்களும் அதன்மேல் ஓடத் தொடங்க, படகுகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. முறையான திறப்பு விழா 1924 ஜூன் 28 அன்றுதான் நடைபெற்றது. ஏறத்தாழ 1,056 மீட்டர் நீளமுள்ள இந்தக் கடற்பாலம், பெயரில் பாலமே தவிர, உண்மையில் ஒரு கல்லணை. சிறு கலங்கள் கடப்பதற்காக ஜோகூர் முனையில் நீர்ப்பூட்டு ஒன்று, அதாவது இரு கதவுகளுக்கிடையே நீர்மட்டத்தைச் சமன்செய்து கலத்தைக் கடத்திவிடும் கால்வாய், அமைக்கப்பட்டிருந்தது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் கடற்பாலத்தைத் தகர்த்து ஏறத்தாழ 21 மீட்டர் இடைவெளி உண்டாக்கினர். ஜப்பானியர் அதை விரைவிலேயே சீராக்கிக்கொண்டாலும், நீர்ப்பூட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

இவற்றையெல்லாம் ஒருசேர மனத்தில் நிறுத்திப் பார்க்க ஏற்ற இடம், மார்சிலிங் நிலையத்திலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்தால் வரும் உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பூங்கா. வெயில் ஏறுமுன் காலையிலோ, வெயில் தாழ்ந்தபின் மாலையிலோ செல்வது நல்லது. அங்கிருந்து மேற்கே நோக்கினால் கடற்பாலமும் எதிரே ஜோகூர் பாருவின் கட்டடங்களும் தெரியும். பூங்காவிலிருந்து கடலுக்குள் நீளும் துறையைப் பழைய படகுத்துறை என்று கொள்வது தவறு; அது பிரிட்டிஷ் கடற்படைத் தளக் காலத்துக்கு உரியது. ரயில் படகுகள் சென்ற வழியைக் கடற்பாலத்தை ஒட்டியே தேட வேண்டும். கடற்பாலத்தின் முனையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வளாகத்தினுள் படமெடுக்க அனுமதியில்லை என்பதையும் நினைவில் கொள்க.

நீரிணையில் படகேறிப் பார்க்கும் ஆவல் உடையோர் கிழக்கே சாங்கி பாயிண்ட் படகுத்துறைக்குச் செல்லலாம். 12 பேர் சேர்ந்ததும் புறப்படும் சிறு படகுகள் புலாவ் உபின் தீவுக்கு ஓடுகின்றன, கடப்பிதழும் தேவையில்லை. கடற்பாலத்துக்குரிய கருங்கல்லில் ஒரு பகுதி அத்தீவின் கற்சுரங்கங்களிலிருந்தே வெட்டப்பட்டது என்பதால், இப்பயணம் மார்சிலிங் வரலாற்றின் தொடர்ச்சியே.

மறுகரையையும் காண்போர் ஜோகூர் பாருவில், 2010 வரை இயங்கிய பழைய ரயில் நிலையக் கட்டடத்தையும், அதற்கு அருகே படகுக் காலத்திலேயே, 1911இல், தோன்றிய ராஜமாரியம்மன் கோயிலையும் தவறவிடலாகாது. பேருந்தில் சென்றால் வார இறுதிகளிலும் பொது விடுமுறைகளிலும் கடற்பாலத்தில் மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம். நெரிசலைப் போக்கக் கட்டியதே நெரிசலுக்குப் பெயர்பெற்றிருப்பது ஒரு முரண். 2015 முதல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலிருந்து ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயில் அதே தூரத்தை ஐந்தே நிமிடத்தில் கடக்கிறது. மலேசியக் குடிநுழைவுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். ஆனால் பயணச்சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடுவதால் இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்வது அவசியம். இந்தியாவிலிருந்து வருவோர், சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கு உரியதா என்பதைப் புறப்படுமுன் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் விரைவு ரயில் 2026 இறுதியில் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ளது. அது தொடங்கிய ஆறு மாதங்களுக்குள் ஷட்டில் தெப்ராவ் நிறுத்தப்படும். படகுகளை அகற்றிய அந்தத் தண்டவாளத்தின்மேல் பயணிக்க விரும்புவோர் அதற்குமுன் சென்று வருதல் நன்று.