கணவருக்கு ஓட்டத் தெரிந்தால் போதுமா?

கத்தாரில் நவம்பர் பிறந்து வெயில் தணிந்ததும் தோஹாவின் நஜ்மா, மன்சூரா பக்கத்துக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் கடலைத் தேடிப் புறப்படுகின்றன. நாலைந்து குடும்பங்கள் பணம் போட்டு வாடகைக்குப் படகு எடுப்பார்கள். இல்லையென்றால் நண்பரின் சிறு படகில் சாஃப்லியா தீவுப் பக்கம் போய், தூண்டில் போட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் கரை திரும்புவார்கள். சொந்தப் படகென்றால் சுக்கானைப் பிடிப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர் ஒருவர்தான். பிள்ளைகளையும் சாப்பாட்டையும் மனைவி பார்த்துக்கொள்வார். ‘அவருக்குத்தான் ஓட்டத் தெரியுமே, எனக்கு எதற்கு?’ என்ற நம்பிக்கையில் இந்த ஏற்பாடு நடக்கிறது. படகைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளில் உயிருக்கு மிக ஆபத்தானது இதுதான் என்பது என் துணிபு. இரண்டாவது ஆளுக்கும் ஓட்டத் தெரியாத படகு கரையை விட்டுக் கிளம்பவே கூடாது.

கார் ஓட்டுபவர் காரிலிருந்து தவறி விழுவதில்லை. சிறு படகில் விழுவதற்கு அதிக வாய்ப்புள்ளவரே ஓட்டுபவர்தான். நங்கூரம் போடுவது, சிக்கிய கயிற்றை விடுவிப்பது, பின்பக்கம் குனிந்து இன்ஜினைப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நடமாடுகிறவர் அவர். அவர் தண்ணீரில் விழுந்த நொடியிலேயே, படகு ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் படகில் இல்லை. சிறு படகுகளின் சுக்கான் அருகே சுருள் சுருளாகச் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். அதன் ஒரு முனையை ஓட்டுபவரின் தொடையிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்ட வேண்டும். மறுமுனையில் உள்ள கிளிப் கில் ஸ்விட்சில் இருக்கும். ஆள் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வரும், இன்ஜின் நின்றுவிடும். அமெரிக்காவில் 26 அடிக்கும் குறைந்த படகுகளில் இதை மாட்டியே ஓட்ட வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமே இருக்கிறது. ஆனால் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. அந்தக் கிளிப் விழுந்தவரோடு கடலுக்குப் போய்விடும். அது இல்லாமல் இன்ஜின் திரும்ப ஓடாது. மாற்றுக் கிளிப் எந்தப் பெட்டியில் இருக்கிறது, எங்கே எப்படிச் செருக வேண்டும் என்பது மனைவிக்குத் தெரியாவிட்டால், கணவரைக் காக்க நின்ற அதே இன்ஜினால் அவரிடம் திரும்பிப் போக முடியாது.

‘அவருக்கு நன்றாக நீச்சல் தெரியும், நீந்தி வந்துவிடுவார்’ என்பார்கள். ஊர்க் கிணற்றிலும் ஆற்றிலும் பழகிய நீச்சல் வேறு, கடலில் காற்று தள்ளிக்கொண்டு போகும் படகைத் துரத்துவது வேறு. வளைகுடா ஆழமில்லாத கடல்; சராசரி ஆழம் 35 மீட்டர் அளவுதான். வடமேற்கிலிருந்து ஷமால் காற்று எழும்பினால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும், அடுத்தடுத்து இடைவெளியில்லாமலும் வரும். உடையோடு விழுந்தவர் அந்த அலையில் மூச்செடுக்கவே போராட வேண்டியிருக்கும்; ஓட்ட ஆளில்லாத படகோ காற்றோடு விலகிக்கொண்டே போகும். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். காரணம் தெரிந்த மரணங்களில் நான்கில் மூன்று பங்கு நீரில் மூழ்கியவை. அப்படி மூழ்கியவர்களில், விவரம் கிடைத்தவரை, 87 விழுக்காட்டினர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. ‘இந்த வெக்கையில் அதை எப்படிப் போடுவது?’ என்ற கேள்வி நியாயமானதுதான். அதற்காகவே இடுப்பில் கட்டிக்கொள்ளும், தேவைப்படும்போது காற்று நிரம்பும் மெல்லிய வகை வந்திருக்கிறது. இருக்கைக்கு அடியில் அடுக்கிவைத்த ஜாக்கெட் யாரையும் காப்பாற்றியதில்லை.

கார் ஓட்டத் தெரிந்தால் படகு தானாக வரும் என்பது அடுத்த தவறான நம்பிக்கை. வளைகுடாவில் உரிமம் எடுத்து, தோஹாவின் சி ரிங் ரோடு நெரிசலில் அன்றாடம் கார் ஓட்டும் பெண்கள் ஏராளம். அந்தத் துணிவு படகிலும் உதவும், பழக்கம் உதவாது. படகுக்கு பிரேக் கிடையாது. இன்ஜினை நியூட்ரலில் போட்ட பிறகும் வந்த வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். காரின் முன்சக்கரம் திரும்பினால் முன்பக்கம் திரும்பும். படகில் பின்பக்கம் எதிர்த்திசையில் வீசிக்கொண்டு போகும். அதனால்தான் படகுத்துறையை விட்டு விலகும்போது புதியவர்கள் பின்பக்கத்தைக் கொண்டுபோய் இடிக்கிறார்கள். அவுட்போர்டு இன்ஜின் தள்ளாதபோது சுக்கானைத் திருப்பினாலும் பெரிதாகப் பயனில்லை. இவற்றைக் கரையில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. காற்றில்லாத காலையில், ஆள் நடமாட்டமில்லாத திறந்த நீரில், ஒரு மிதவையைப் போட்டுவிட்டு அதன் அருகே போய் நிற்பதைத் திரும்பத் திரும்பச் செய்துதான் கைக்கு வரவேண்டும்.

இனி, ‘புருஷன் பெண்டாட்டிக்குக் கற்றுக்கொடுத்தால் சண்டையில்தான் முடியும்’ என்ற பேச்சு. இதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் மனைவியின் திறமைக்குறைவு என்று முடிவுகட்டுவது தவறு. இன்ஜின் சத்தத்திலும் காற்றிலும் முன்பக்கம் நிற்பவர் சொல்வது பின்னால் கேட்காது, கத்த வேண்டியிருக்கிறது, கத்தினால் கேட்பவருக்கு அது திட்டாகவே விழும். ‘நிறுத்து’, ‘மெதுவாக’, ‘பின்னால் எடு’, ‘என் கை காட்டும் பக்கம் திருப்பு’ என்ற நான்குக்கும் கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். மீதிப் பாதிக்கு, கற்றுக்கொடுப்பவர் தன் கையை அடக்க வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. 2013 மே 5 அன்று இங்கிலாந்தின் பேட்ஸ்டோ அருகே ஒரு குடும்பம் வேகப்படகில் போனது. மனைவி ஓட்டிக்கொண்டிருந்தார். கணவர் குறுக்கே கைநீட்டிப் படகைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தபோது படகு வெட்டித் திரும்பி, அதிலிருந்த ஆறு பேரும் கடலில் வீசப்பட்டார்கள். கில் ஸ்விட்ச் கயிறு யார் உடலிலும் மாட்டப்பட்டிருக்கவில்லை. ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி வந்து அவர்கள் மேலேயே ஏறியது. தந்தையும் ஒரு மகளும் இறந்தார்கள். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை விசாரித்து வெளியிட்ட உண்மை இது. சுக்கானில் ஒரு நேரத்தில் ஒருவர் கைதான் இருக்க வேண்டும். மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் நியூட்ரல், பிறகு கயிற்றைக் கழற்றி மற்றவர் மாட்டிக்கொள்வது, அதன் பிறகே இருக்கை மாறுவது. மனைவி தவறு செய்வதாகக் கணவருக்குத் தோன்றினாலும் அவர் சொல்ல வேண்டியது ‘நியூட்ரல்’ என்ற ஒரே சொல்தான். வசதியிருந்தால் முதல் பாடங்களை முறையான பயிற்சியாளரிடம் விட்டுவிடுவது இன்னும் நல்லது.

‘கடல் பெண்களுக்கு ஒத்துவராது’ என்று இன்னமும் சொல்பவர்களுக்கு நெடிய பதில் தேவையில்லை. கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துச் சேற்றுவாவைச் சேர்ந்த கே.சி. ரேகா, வேலைக்கு ஆள் கிடைக்காத நிலையில் கணவர் கார்த்திகேயனோடு கடலுக்குப் போகத் தொடங்கி, ஆழ்கடல் மீன்பிடி உரிமம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். சென்னையில் பிறந்த ரேஷ்மா நிலோஃபர், ஹூக்ளி ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, தோழி தில்னாவுடன் தாரிணி பாய்மரப் படகில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினார்.

உலகைச் சுற்ற வேண்டியதில்லை. மனைவி கையில் இருக்க வேண்டிய வேலை அளவானது, திட்டமானது. விழுந்தவரை நோக்கி உடனே மிதவையை வீசுவது; ஒரு பிள்ளையை நிறுத்தி, அவர் தலையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலால் காட்டிக்கொண்டே இருக்கச் சொல்வது; இன்ஜினைக் கிளப்பி, காற்றுக்கு எதிர்முகமாக, மிக மெதுவாக அவர் பக்கம் வருவது; கைக்கெட்டும் தூரம் வந்ததும் நியூட்ரலோடு விடாமல் இன்ஜினை முழுவதுமாக அணைப்பது. கடைசி வேலைதான் பதற்றத்தில் மறந்துபோகும், புரொப்பெல்லரோ மறப்பதில்லை. நனைந்த ஆளைப் பக்கவாட்டில் தூக்குவது தனி ஒருவரால் ஆகாது. ஏணியை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றில் கண்ணி போட்டு அவர் கால் வைத்து ஏறும்படி தொங்கவிட வேண்டும். இந்த ஒத்திகையில் ஆளுக்குப் பதில் காலித் தண்ணீர் கேனை மிதக்கவிட்டால் போதும்.

‘நாங்கள் எடுப்பது கேப்டனோடு வரும் வாடகைப் படகு, எங்களுக்கு இது பொருந்தாது’ என்று நஜ்மா வாசகர் சொல்லக்கூடும். கேப்டனுக்கும் நெஞ்சு வலிக்கலாம், அவரும் வழுக்கி விழலாம். அந்தப் படகை ஓட்டிக் கரை சேர்க்க உங்களால் முடியாமல் போகலாம். இன்ஜினை அணைத்து, நங்கூரத்தை இறக்கி, உதவிக்கு அழைக்க முடியும். கிளம்பும் முன்பே கில் ஸ்விட்ச், லைஃப் ஜாக்கெட், ரேடியோ மூன்றும் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ரேடியோவில் அவசர அழைப்புக்கு 16-ஆம் சேனல். கைப்பேசியில் கத்தாருக்கு 999, அமீரகக் கடலோரக் காவல் படைக்கு 996. எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். கைப்பேசியின் வரைபடத்திலிருந்து இடத்தைக் குறிக்கும் எண்களைப் படித்துச் சொல்ல வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சொந்தப் படகு வாங்குகிறவர்கள் பதிவு, உரிமம் பற்றிய விதிகளை அந்தந்த நாட்டுக் கடலோரக் காவல் துறையிடம் கேட்டுக்கொள்ளும்போதே, மனைவியின் பெயரிலும் உரிமம் எடுக்க என்ன வேண்டும் என்று கேட்டுவிடலாம்.